சானல்கரையில் யார் பின்னே போவது

கார் என்பது முன்னால் போவதற்காகச் செய்யப்பட்ட வண்டி என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் புன்னைவிளைச் சானல்கரைக்கு வந்து ஒரு வாரம் தங்கிப் பார்க்கலாம். அந்த நம்பிக்கை கழன்று விழுந்துவிடும். மற்றபடி நல்ல ஊர்தான். கிணற்றுத் தண்ணீர் ருசியாக இருக்கும், மத்தியானத்துக்குள் முட்டத்து மீன் வந்துவிடும்.

இரணியலைத் தாண்டி மெயின் ரோட்டிலிருந்து பிரிந்து, பாசனச் சானலை ஒட்டியே ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே போகிறது அந்தக் கான்கிரீட் பாதை. உள்ளே போகும்போது வலது பக்கம் தண்ணீர், இடது பக்கம் ஆளுயரப் பள்ளத்தில் வாழைத்தோட்டம். நடுவில் ஒரு கார் போகலாம். எதிரே ஒரு கோழி வந்தால் யோசித்துத்தான் போக வேண்டும். வீடுகள் எல்லாம் அந்தக் கோடியில். கோடிக்கும் கோடியில் ரசலையனின் வீடு. அதற்கப்பால் கார் போகாது. சானலைப் பார்வையிட வரும் சர்க்கார் ஜீப் மட்டும் வருஷத்தில் ஒருநாள் அந்தப் பக்கத்து மண்பாதையில் குலுங்கிக்கொண்டு வரும்.

இப்படிப்பட்ட பாதையில் இரண்டு கார்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னால் போயாக வேண்டும். எது போவது? யாருக்குக் கொஞ்ச தூரமோ அவர் போகட்டும் என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். புன்னைவிளைக்காரர்கள் அதைவிட அதிகம் படித்தவர்கள். அதனால் சங்கம் வைத்தார்கள்.

‘புன்னைவிளைச் சானல்கரை நான்கு சக்கர வாகன உரிமையாளர் நலச் சங்கம்’ என்று பெயர். முறைப்படி பதிவு செய்யப்பட்டது. ஊரிலுள்ள பதினேழு கார்களுக்கும் மரியாதை வரிசைப்படி நம்பர் கொடுப்பதுதான் அதன் வேலை. நம்பரை முன்கண்ணாடியில் ஒட்டிக்கொள்ள வேண்டும். சின்ன நம்பர் எதிரே வந்தால் பெரிய நம்பர் பின்னே போக வேண்டும். கேட்பதற்கு லேசாக இருக்கிறது. நம்பர் போடுவது லேசா? காரின் விலை, வீட்டின் மாடி, கோயில் கமிட்டியில் இருந்தவரா, பாதைக்கு நிலம் விட்டவரா, பிள்ளைகள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்று எத்தனையோ பார்க்க வேண்டும். ஜெப்சனின் மகன் குவைத்திலிருந்து கனடாவுக்கு மாறியபோது ஜெப்சனின் கார் ஐந்திலிருந்து இரண்டுக்கு ஏறியது. அதே கூட்டத்தில் அவர் சங்கத்துக்குச் செயலாளரும் ஆனார்.

ரசலையனுக்குப் பதினேழு. மஸ்கட்டில் ஒரு பெரிய ஓட்டலின் சரக்கறையில் இருபது வருஷம் காய்கறிப் பெட்டி அடுக்கிவிட்டுத் திரும்பியவர் அவர். வந்ததும் ஆசைப்பட்டு ஒரு பழைய சின்னக் கார் வாங்கினார். வீட்டுக்கு மாடி கிடையாது. மனைவி நேசபாய், ஒரே மகள் ரெஜிலா. மகளை மார்த்தாண்டத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். மருமகன் சிஜோவும் மஸ்கட்டில்தான். “மஸ்கட்டெல்லாம் இப்பம் நாடுன்னு கணக்குல சேராது ஓய்” என்று ஜெப்சன் சொல்லிவிட்டார்.

பதினேழு என்றால், எதிரே யார் வந்தாலும் ரசலையன்தான் பின்னே போக வேண்டும். வீட்டிலிருந்து புறப்பட்டு மெயின் ரோட்டுக்கு நாலு பனை தூரம் இருக்கும்போது பன்னிரண்டாம் நம்பர் உள்ளே நுழையும். உடனே கோடிவரைக்கும் பின்னே. மறுபடி புறப்பட்டால் ஆறாம் நம்பர். ஒருநாள் அரைக்கிலோ சீனி வாங்கப் போனவர் மத்தியானம் வரைக்கும் ஊரைவிட்டு வெளியேற முடியாமல், கடுங்காப்பியைச் சீனியில்லாமல் குடித்துவிட்டுப் படுத்துவிட்டார்.

பத்தடி இருபதடி ரிவர்ஸ் எடுப்பது எல்லோருக்கும் தெரியும். ஒன்றரைக் கிலோமீட்டர் எடுத்துப் பார்த்தால்தான் அது வேறு வித்தை என்று புரியும். இடது கையைப் பக்கத்து சீட்டின் மேல் போட்டு, இடுப்பு முதல் தலைவரை உடம்பைப் பிழிந்துகொண்டு உட்கார வேண்டும். ஸ்டியரிங்கை இம்மி ஒடித்தால் பின்பக்கம் ஒரு முழம் ஓடும். அதைத் திருத்தப் போனால் முன்பக்கம் சானலை எட்டிப் பார்க்கும். வண்டி ஊளையிடும். கிளட்ச் கருகுகிற வாடை வரும். பக்கக் கண்ணாடியை மட்டும் நம்பினால் வாழைத்தோட்டம் நிச்சயம்.

ரசலையன் கழுத்தை நம்பினார். கழுத்து இடது பக்கமாகவே நின்றுவிட்டது. கோயிலில் நேராக உட்கார்ந்தால் பெண்கள் பக்கம் பார்ப்பது மாதிரி இருந்தது. போதகரைப் பார்க்க வேண்டுமானால் சன்னலைப் பார்த்து உட்கார வேண்டும். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்த போதகரம்மா மூன்றாவது வாரம் நேசபாயைத் தனியே கூப்பிட்டு விசாரித்தாள்.

நேசபாய் கோட்டம்சுக்காதி தைலத்தைச் சூடாக்கி அவர் கழுத்தில் தேய்த்துக்கொண்டே சொன்னாள். “இஞ்ச பாருங்க, இந்தச் சனியனை வித்துப்போட்டு ஒரு ஸ்கூட்டர் வாங்குங்க. ஸ்கூட்டருக்கு ரிவர்ஸே கிடையாதுல்லா.”

“ரெஜிலாவுக்குப் பிரசவம் வரும்லா. ஸ்கூட்டர்ல வச்சா கொண்டுபோவ முடியும்?” என்றார் ரசலையன்.

சங்கம் மோசமானது என்று சொல்லிவிட முடியாது. சிக்கலான வழக்குகளை எல்லாம் தீர்த்திருக்கிறது. பொன்னுலிங்கமும் நாராயணபெருமாளும் மைத்துனர்கள். ஒருவரைக் கீழே போட்டால் குடும்பம் பிரிந்துவிடும் என்று பத்தை விட்டுவிட்டு இருவருக்கும் ஒன்பதாம் நம்பரே கொடுத்திருந்தார்கள். ஒருநாள் இருவரும் பாதை நடுவில் எதிரெதிரே வந்து நின்றார்கள். ஒன்பதுக்கு ஒன்பது எதற்குப் பின்னே போக வேண்டும்? என்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். மத்தியானம் அவரவர் வீட்டிலிருந்து சோறும் புளிக்கறியும் வந்தது. ஒருவருக்கொருவர் கறியைப் பரிமாறிக்கொண்டு சாப்பிட்டார்கள், வழி மட்டும் விடவில்லை. சங்கம் வாழைத்தோட்டத்திலேயே அவசரக் கூட்டம் போட்டு, இருவரும் ஒரே நேரத்தில் பின்னே போக வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. இருவரும் போனார்கள். ஒருவர் மெயின் ரோடு வரைக்கும், ஒருவர் வீடு வரைக்கும். பிறகு இருவரும் புறப்பட்டு வந்து அதே இடத்தில் மறுபடி சந்தித்தார்கள். கடைசியில் நாராயணபெருமாளுக்கு ‘ஒன்பதே கால்’ என்று தனியாக ஸ்டிக்கர் அடித்துக் கொடுத்த பிறகுதான் பாதை திறந்தது.

ரெஜிலா தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். ரசலையனுக்கு அன்றிலிருந்து தூக்கம் போய்விட்டது. வலி வருகிற நேரத்தில் பாதையில் எந்த நம்பர் எதிரே நிற்குமோ, எத்தனை தடவை பின்னே போக வேண்டியிருக்குமோ என்று கணக்குப் போட்டுப் போட்டுப் பார்த்தார். ஆசுபத்திரி நாகர்கோவிலில். பிள்ளை பின்னிருக்கையிலேயே பிறந்துவிடுமோ என்ற பயம் வேறு. மாதக்கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டுவிட்டார்.

“எனக்க மவளுக்கு நாளு அடுத்தாச்சு. அன்னைக்கு ஒரு நாளு மட்டும் எல்லாரும் எனக்கு வழி விட்டாப் போதும். வேற ஒண்ணும் வேண்டாம்.”

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்து அடங்கியது. செயலாளர் ஜெப்சன் தொண்டையைச் செருமினார். “எந்தத் தேதின்னு ஒரு வாரத்துக்கு முன்ன எழுதிக் குடுக்கணுமே, ஓய்.”

“வலி வரும்பதான தெரியும்.”

“அப்பம் வலி வந்த உடனே எழுதிக் குடும். ஒரு வாரத்துக்குள்ள தீர்மானம் போட்டிரலாம்.”

“ஆம்புலன்சக் கூப்பிடட்டா?”

இப்போது தலைவர் ஞானதாசன் கையை உயர்த்தினார். கூட்டுறவுத்துறையில் துணைப் பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒன்றாம் நம்பர். ஒரு கேட்டில் நுழைந்து மறு கேட்டில் வெளியே வருவதற்காகவே வீட்டுக்கு இரண்டு கேட் வைத்திருந்தார்.

“கூப்பிடும், ஆரு தடுத்தா? உள்ள நோயாளி இருந்தா ஆம்புலன்சுக்கு எனக்கும் முந்தின மரியாதை உண்டு. நானே பின்னே போவேன். ஆனா ஆளை ஏத்த வரும்பம் அதுல ஆளு இருக்காதுல்லா? ஆளு இல்லாத ஆம்புலன்ஸ் வெறும் வேன் ஆக்கும். வெளியூர் வேன் எல்லாருக்கும் பின்னே போவணும்.”

அது உண்மை. போன வருஷம் வந்த ஓர் ஆம்புலன்ஸை மூன்று தடவை மெயின் ரோடு வரைக்கும் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அதற்குப் பிறகு புன்னைவிளை என்று சொன்னாலே ஓட்டுநர்கள் போனை வைத்துவிடுகிறார்கள்.

தலைவர் எழுந்து நின்றார். எழுந்தால் பேசாமல் உட்கார மாட்டார்.

“ரசலையா, உமக்க சங்கடம் எனக்குத் தெரியாமலா இருக்கு? ஆனா ஒரு சமுதாயம் முன்னேறணும்னா ஆராவது பின்னே போயித்தான் ஆவணும். இந்தச் சானல்கரை முன்னேறுகதுக்கு உம்மளவு பின்னே போனவன் வேற கிடையாது. சங்கம் அதை ஒருநாளும் மறக்காது. நான் இந்த வண்டி எடுத்து ஒம்பது வருஷம் ஆச்சு. இன்னைவர ரிவர்ஸ் கியரைத் தொட்டதில்ல. வேணும்னா வந்து பாரும், கடையில குடுத்தது மாதிரியே இரிக்கும். அது எனக்க பெருமை இல்ல. உம்ம மாதிரி ஆளுகளுக்க பெருமை.”

எல்லோரும் கைதட்டினார்கள். ரசலையனும் தட்டினார். தட்டி முடித்த பிறகுதான் தனக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை என்பது அவருக்குத் தைத்தது.

ஒன்றுமில்லை என்றும் சொல்ல முடியாது. சங்கத்தின் ஆண்டு விழாவை ஒட்டி மயிலாடியில் ஒரு கருங்கல் அடிக்கக் கொடுத்திருந்தார்கள். பதினேழு பேரின் பெயரும் வரிசைப்படி அதில் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே ‘திறந்து வைத்தவர்’ என்று கொத்தி, பெயருக்கு இடம் விட்டிருந்தது. சானல் இலாகாவின் பெரிய இன்ஜினியர் வருவதாகச் சொல்லியிருந்தார். வராமல் போனால் கொத்தின பெயரை அழிக்க முடியாதே என்ற முன்யோசனை. கல்லைப் பாதையின் கோடியில், அதாவது ரசலையன் வீட்டு முன்னால் நாட்டுவதாக முடிவாயிற்று. விழா நடக்கிற மெயின் ரோட்டு மண்டபத்துக்கு அன்றைக்கு வராமல் கல்லுக்குக் காவல் நிற்கிற பொறுப்பைச் சங்கம் ரசலையனுக்கு மனமுவந்து அளித்தது.

சனிக்கிழமை சாயங்காலம் டெம்போவில் கல் வந்தது. இறக்கிய ஆட்கள் ஒரு நல்ல இடமாகப் பார்த்துக் குறுக்கே கிடத்தினார்கள். கோடியில் கார் திருப்ப இருந்த ஒரே இடம் அது. ரசலையனின் கார் சற்று முன்புதான் உள்ளே வந்து, மூக்கைச் சுவரில் வைத்துக்கொண்டு நின்றது.

“இதை எப்பம் நிமித்துவிய?” என்று கேட்டார்.

“நாளைக்கு சீப் கெஸ்ட் வரும்பம்” என்றார் ஜெப்சன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பதினாறு வண்டிகளும் மெயின் ரோட்டு மண்டபத்துக்குப் போய்விட்டிருந்த நேரத்தில், நேசபாய் வாசலுக்கு ஓடி வந்தாள்.

“பிள்ளைக்கு வலி கண்டாச்சு. வண்டிய எடுங்க.”

ரசலையன் காரைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். கல்லில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளியும் பார்த்தார். பதினாறு பெரிய மனிதர்களின் பெயரைத் தாங்கிய கல் ஒரு பதினேழாம் நம்பருக்கு அசையுமா? வேறு வழியில்லை. வண்டியைத் திருப்ப முடியாது. இருக்கிறபடியே பின்னாலேயே போக வேண்டியதுதான்.

ரெஜிலாவைப் பின்னிருக்கையில் அம்மா மடியில் சாய்த்துப் படுக்க வைத்தார்கள். ரசலையன் இடது கையைப் பக்கத்து சீட்டின் மேல் போட்டு உடம்பைப் பிழிந்துகொண்டு உட்கார்ந்தார். கார் ஊளையிட்டபடி புறப்பட்டது.

“அப்பா, பைய போங்க” என்றாள் ரெஜிலா.

“நான் என்னைக்கு மக்கா வேகமாப் போனேன்” என்றார்.

முன்னால் ஓட்டியிருந்தால் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்திருப்பாள். இப்போது பின்கண்ணாடியைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் கீழே அவள் முகம். வேர்வை, கடித்த உதடு, வலி விட்டதும் அப்பாவைப் பார்த்துச் சிரிக்கப் பார்க்கிற அந்தச் சிரிப்பு. மஸ்கட்டில் கழிந்த இருபது வருஷமும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கு வந்து அவள் வளர்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுப் போனவர் அவர். மகள் முகத்தை இத்தனை நேரம் விடாமல் பார்ப்பது இதுதான் முதல் தடவை. கண் நிறைந்து பாதை மங்கியது. துடைத்துக்கொண்டு ஓட்டினார்.

பாதி தூரம் வந்திருப்பார். நேசபாயின் தலைக்கு மேலே, பின்கண்ணாடியில், ஒரு பெரிய வெள்ளைக் கார் தெரிந்தது. முன்கண்ணாடியில் ‘ஒன்று’. அதன் பின்னால் ‘இரண்டு’. அதன் பின்னால் சங்கம் முழுவதும்.

நடந்தது இதுதான். இன்ஜினியர் மண்டபத்துக்கு வரவில்லை. “வந்துக்கிட்டே இருக்கேன்” என்று போனில் ஒருமுறை சொன்னார், அதன் பிறகு போன் எடுக்கவில்லை. அவருக்காக வாங்கிய மாலையும் பொன்னாடையும் வாடிக்கொண்டிருந்தன. பொன்னாடை வாடாது, ஆனால் தலைவரின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றியது. ஒருவேளை ஜீப்பில் மண்பாதை வழியாக நேரே கல்லுக்கே வந்துவிடுவாரோ என்று யாரோ சொல்ல, சங்கம் வரிசைப்படி கல்லை நோக்கிப் புறப்பட்டிருந்தது.

ஒன்றாம் நம்பரைக் கண்டதும் ரசலையனின் கால் தானாகப் பிரேக்குக்குப் போயிற்று. பின்னே போய் வழிவிட வேண்டும் என்று உடம்புக்குப் பழகிப்போயிருந்தது. ஆனால் அவர் ஏற்கெனவே பின்னேதான் போய்க்கொண்டிருந்தார். இப்போது வழிவிட வேண்டுமானால் முன்னே போக வேண்டும், வீட்டுக்கு. அவருக்கு ஒரு நிமிஷம் எது முன், எது பின் என்றே பிடிபடவில்லை.

ரெஜிலா சீட்டின் மேலிருந்த அவர் கையைப் பிடித்தாள். “அப்பா, நிறுத்தாதீங்க.”

ரசலையன் காலைப் பிரேக்கிலிருந்து எடுத்தார். சானல்கரையில் பதினேழாம் நம்பர் ஒன்றாம் நம்பரை நோக்கி வந்துகொண்டே இருப்பது அதுதான் முதல் தடவை.

அந்த நேரத்தில் தலைவர் காருக்குள் என்ன நடந்தது என்பது பிற்பாடு ஜெப்சன் சொல்லித்தான் தெரியும். ஞானதாசன் முதலில் ஹாரன் அடித்தார். பிறகு யோசித்தார். யோசித்ததும் ஜெப்சனுக்குப் போன் போட்டார்.

“ஓய், பதினேழு பின்னே வாறான்.”

“அவன் எப்பவும் பின்னேதான வருவான்.”

“எதிரே ஆராவது வந்தாத்தான ஓய் பின்னே வருவான்? நாம பதினாறு பேரும் இஞ்ச இரிக்கோம். அப்பம் அவன் அங்க ஆருக்கு வழி விடுகான்?”

ஜெப்சன் மெதுவாகச் சொன்னார். “இன்ஜினியர்.”

“ஜீப்புல வந்துட்டாரு. கல்லுப் பக்கத்துல நம்ம ஆளு ஒருத்தருமில்லன்னு கோவிச்சுக்கிட்டு இந்தப் பக்கமா வாறாரு. எல்லாரும் பின்னே எடுங்க” என்று அலறினார் தலைவர்.

பதினாறு கார்கள் பின்னே போவது என்றால் கடைசி வண்டிதான் முதலில் போக வேண்டும். பதினாறாம் நம்பர் பெனின் என்ற பையனுடையது. சங்கத்தில் சேர்ந்ததிலிருந்து முதன்முறையாக எல்லோருக்கும் தலைமை தாங்கி, ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு அவன் பின்னே போனான். சின்ன நம்பர்களுக்குத்தான் பாடு. ரிவர்ஸ் என்பது யாரோ செய்கிற வேலை என்றிருந்தவர்கள் அவர்கள். மூன்றாம் நம்பர் ரிவர்ஸ் கியர் எங்கே இருக்கிறது என்று மகனுக்குப் போன் போட்டுக் கேட்டார். ஒன்பதும் ஒன்பதே காலும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. ஒன்றாம் நம்பர் குடித்தவன் நடையாகச் சானலுக்கும் வாழைக்கும் நடுவே ஆடி ஆடிப் போய், இடது பின்சக்கரத்தை விளிம்பு மண்ணில் இறக்கிக்கொண்டு நின்றுவிட்டது.

ரசலையனும் நிற்க வேண்டியதாயிற்று. ரெஜிலா ஒரு நீண்ட முனகலோடு அம்மாவின் கையை முறுக்கினாள்.

“ஐயோ, இந்தத் தலைவரு நம்ம பிள்ளையக் கொல்லப்போறாரு” என்றாள் நேசபாய்.

“வலத்த ஒடிக்கச் சொல்லு” என்றார் ரசலையன்.

நேசபாய் கதவுக் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினாள். தலைவரைக் கண்டால் முந்தானையை இழுத்துவிட்டு ஒதுங்கிப் போகிறவள் அவள்.

“ஓய் தலைவரே, வலத்த ஒடியும்.”

பின்னால் இன்ஜினியர் இல்லாமல் ஒரு பதினேழாம் நம்பரின் மனைவிக்கு இந்தத் தைரியம் வருமா? தலைவருக்கு இருந்த கொஞ்ச சந்தேகமும் தீர்ந்தது. வலது பக்கம் ஒடித்தார்.

“இச்சிரி முன்ன எடுத்துட்டுப் பின்ன போவச் சொல்லு” என்றார் ரசலையன்.

“முன்ன எடும். போதும். இப்பம் பின்ன போவும். பைய. கண்ணாடியப் பாக்காதீரும், கழுத்தத் திருப்பும் ஓய்.”

சக்கரம் மண்ணைவிட்டு ஏறியது. மெயின் ரோடு வரைக்கும் ரசலையன் முணுமுணுக்க நேசபாய் அதட்ட, சொன்னபடி எல்லாம் செய்தார் துணைப் பதிவாளர் ஞானதாசன். ஒன்பது வருஷம் தொடாத கியர் கதறிய கதறலில் சானலில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

மெயின் ரோட்டில் பதினாறு கார்களும் ஓரமாக ஒதுங்கின. பதினாறு பேரும் இறங்கி வேட்டியைச் சரிசெய்துகொண்டு, மாலையும் பொன்னாடையுமாகப் பாதையைப் பார்த்து வரிசையில் நின்றார்கள். ரசலையனின் கார் வால் முன்னால் வர வெளியே வந்தது, ஓர் அரைவட்டம் அடித்து நிமிர்ந்தது, நாகர்கோவில் பக்கம் பறந்தது. ஒருவரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோருடைய கண்ணும் காலியாகக் கிடந்த சானல்கரையில் இருந்தது.

ஆசுபத்திரியில் நர்ஸ் ரெஜிலாவைப் பார்த்ததும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். “இன்னும் இச்சிரி தாமசிச்சிருந்தா வண்டியிலேயே ஆயிருக்கும்” என்றாள். ரசலையன் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து கையைக் கோத்துக்கொண்டார். ஜெபிக்க வாய் வரவில்லை. உள்ளே ஒரு சின்ன அழுகை கேட்டபோது அவருக்கும் அழுகை வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல் அழுதார்.

சாயங்காலம் நேசபாய் அவரை ஊருக்கு விரட்டினாள். காலையில் புறப்பட்ட அவசர வெப்ராளத்தில் துணிப்பையைக் கட்டிலிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்கள்.

சானல்கரை முகப்பில் பதினாறு கார்களும் அப்படியே நின்றன. பதினாறு பேரும் கலுங்குப் பாலத்தின் திட்டில் வரிசைப்படி உட்கார்ந்திருந்தார்கள். ரோஜா மாலை துவண்டுபோயிருந்தது. யாராவது உள்ளே போய்ப் பார்த்திருக்கலாம். போனால் எதிரே இன்ஜினியர் வந்துவிட்டால் மறுபடியும் பின்னே வர வேண்டுமே. அந்த ஒன்றை நினைத்துத்தான் ஒருவரும் அசையவில்லை.

ரசலையன் காரை நிறுத்தினார். தலைவர் எழுந்து வந்தார். அவருடைய கழுத்து இடது பக்கம் திரும்பியபடி நின்றிருந்தது. ரசலையனிடம் பேசுவதற்காகத் தலைவர் மெயின் ரோட்டைப் பார்த்து நிற்க வேண்டியிருந்தது.

“ஓய், இன்னைக்குக் காலத்த நீர் வழி விட்டீரே. ஆரு ஓய் வந்தது?”

ரசலையன் கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

“எனக்க பேத்தியாக்கும்.”

ஒன்பதே கால் நாராயணபெருமாள்தான் முதலில் சிரித்தார். ஒன்பதாம் நம்பர் மச்சான் அவரை முறைத்தார், பிறகு அவரும் சிரித்துவிட்டார். பெனின் வாயைப் பொத்திக்கொண்டு காருக்குப் பின்னால் போனான்.

ஞானதாசன் சிரிக்கவில்லை. அவர் நிர்வாகத்தில் இருந்தவர். நடந்துவிட்ட ஒரு காரியத்தை விதிக்குள் கொண்டுவரத் தெரிந்தவர். “நாம எல்லாரும் பின்னே போனது போனதுதான. அப்பம் அவுங்க ஒண்ணாம் நம்பருக்கு முந்தினவுங்கன்னு ஆவுது” என்று மெயின் ரோட்டைப் பார்த்துச் சொன்னார். பொன்னாடையை எடுத்து ரசலையனின் மடியில் வைத்தார். “அவுங்களுக்குப் பேரு என்ன?”

“இன்னும் இடல்ல.”

“இடும்பம் சொல்லும். கல்லுல இடம் விட்டிருக்கு.”

ரசலையனுக்கு அந்தக் கழுத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தான் எத்தனை வருஷம் சுமந்த வலி அது, யாருக்கு வந்தாலும் வலிதானே. “வீட்டுல தைலம் இரிக்கு. பிள்ளைக்க துணி எடுக்கப் போறேன், வரும்பம் கொண்டு வாறேன்” என்றார். “கல்லு குறுக்கக் கிடக்கதுனால ரிவர்ஸ்லதான் வரணும். நீங்க முன்ன போறியளா?”

தலைவர் அவசரமாகக் கையை ஆட்டினார். “வேண்டாம், வேண்டாம். நீரு போயிட்டு வாரும். நாங்க நிக்கோம்.”

பதினேழாம் நம்பர் உள்ளே போயிற்று. ஒன்றரைக் கிலோமீட்டரும் எதிரே ஒரு வண்டி கிடையாது. ரசலையன் தனக்குத்தானே பாடிக்கொண்டு போனார். வீட்டைத் திறந்து துணிப்பையை எடுத்தார், தைலக் குப்பியை எடுத்தார், இரண்டையும் பின்னிருக்கையில் வைத்து மேலே பொன்னாடையைப் போட்டார். இடது கையைச் சீட்டின் மேல் போட்டு உடம்பைப் பிழிந்துகொண்டு ரிவர்ஸ் கியரைப் போட்டார். வண்டி ஊளையிட்டுக்கொண்டு புறப்பட்டது.

அந்தச் சத்தம் முகப்புக்குக் கேட்டது. தூரத்தில் ரிவர்ஸ் விளக்கு தெரிந்ததும் பதினாறு பேரும், தலைவர் உட்பட, திட்டிலிருந்து எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு நின்றார்கள்.